குப்பைக் கூடையில் ஒரு கல்யாணம்

நான் இதைச் சரியாகச் சொல்வேனா என்று தெரியவில்லை, டீச்சர். நீங்கள் டீச்சர் என்று முதலிலேயே தெரிந்திருந்தால் இந்த சீட்டில் உட்கார்ந்திருக்கவே மாட்டேன். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். இந்த வயதிலும் டீச்சர் யாராவது பக்கத்தில் வந்தால் வீட்டுப்பாடம் எழுதாமல் வந்த மாதிரி எழுந்து நிற்கத் தோன்றுகிறது. சொல்லும்போது முன்னே வர வேண்டியது பின்னே போய்விடும். அப்படிப் போனால் கையைத் தட்டி நிறுத்திவிடுங்கள்.

மடியில் என்ன என்று கேட்டீர்கள். கண்டக்டரும் கேட்டார். "சாமி சிலையாம்மா?" என்றார். பழைய சேலையைச் சுற்றி, பித்தளைத் தாம்பாளத்தில் வைத்து, மடியில் ஏந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தால் வேறு எப்படிக் கேட்பார்? சிலை இல்லை. கம்ப்யூட்டர். டிவி மாதிரி இருக்குமே, அது இல்லை. அதற்குப் பக்கத்தில் நிற்கிற பெட்டி. உயிரெல்லாம் இந்தப் பெட்டியில்தான் இருக்கிறதாம், டிவி வெறும் மூஞ்சிதானாம். என் மகள் கனிமலர் சொன்னாள். ஓசூரில் வேலை பார்க்கிறாள். அவள் படிப்புக்கு வாங்கியது இது. அவள் வேலைக்குப் போன பிறகு நானும் எங்கள் வீட்டுக்காரரும்தான் இதற்குக் காவல். அவர் கோவில்பட்டி நகராட்சியில் குழாய்ப் பிரிவில் இருந்து ரிட்டயர் ஆனவர். இதில் தனியாக உட்கார்ந்து சீட்டு ஆடுவார். நான் கோலம் பார்ப்பேன்.

கோலத்தோடு நிறுத்தியிருந்தால் இன்றைக்கு இந்த பஸ்ஸில் வர வேண்டியதில்லை. கூடையில் கை வைத்தேன் பாருங்கள், அதுதான் வினை.

கூடை என்றால், இருங்கள், கூடைக்கு முன்னால் என் அண்ணனைச் சொல்ல வேண்டும். பார்த்தீர்களா, இதற்குத்தான் பயந்தேன்.

எனக்கு ஒரே அண்ணன். பால்வண்ணன் என்று பேர். உங்கள் ஊர்தான், சங்கரன்கோவில். தறி வைத்திருக்கிறார். நான்கு வருஷத்துக்கு முன்னால் நாங்கள் வீடு கட்டி பால் காய்ச்சினோம். பால் காய்ச்சுகிற பானை தாய்வீட்டில் இருந்துதானே வர வேண்டும்? அண்ணன் விடியற்காலையிலேயே பானையோடு கிளம்பிவிட்டார். கழுகுமலையில் பஸ் டயர் வெடித்துவிட்டது. இங்கே ஏழரைக்கு நல்ல நேரம் முடிகிறது. ஐயர் கடிகாரத்தைப் பார்க்கிறார், எங்கள் வீட்டுக்காரர் வாசலைப் பார்க்கிறார், நான் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கடைசியில் பக்கத்து வீட்டில் டீ போடுகிற பாத்திரத்தை வாங்கி அதில் காய்ச்சிவிட்டார்கள். பால் பொங்கி அடங்கி, எல்லாரும் குடித்து முடித்த பிறகு அண்ணன் வந்து நிற்கிறார். இதே தாம்பாளம், இதில் பானை, தேங்காய், பழம், வெற்றிலை. சட்டையெல்லாம் வேர்வை.

எங்கள் வீட்டுக்காரர் அத்தனை பேர் முன்னாலும், "என்ன மச்சான், உங்க ஊர்ல இப்பதான் விடிஞ்சுதா?" என்றார்.

அவர் சுபாவம் அது. வேடிக்கையாகத்தான் சொன்னாரோ என்னமோ. ஆனால் நாலு பேர் சிரித்துவிட்டார்கள். அண்ணன் தாம்பாளத்தை வாசற்படியில் வைத்தார். "பானைக்கு மரியாதை இல்லாம போகட்டும் மாப்பிள்ளை, சுமந்து வந்தவனுக்குமா?" என்றார். ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். அன்றைக்கு இவர் சொன்னதுதான், "அந்த வீட்டு ஆளுக மூஞ்சி இனி இந்த வீட்டுல தெரியக் கூடாது." பானையையும் தாம்பாளத்தையும் பழைய பித்தளைக்குப் போடச் சொன்னார். போட்டுவிட்டேன் என்று சொல்லிப் பரணில் ஒளித்து வைத்தேன். என்ன விலைக்குப் போனது என்று அவர் கேட்கவே இல்லை. என் நல்ல நேரம்.

போன ஆவணியில் அண்ணன் மகள் சங்கரிக்குக் கல்யாணம். பத்திரிகை தபாலில் வந்தது. இவர் கவரைப் பிரிக்காமலே பீரோ மேலே எறிந்தார். மறுநாள் தூசி தட்டும்போது பார்க்கிறேன், பிரிந்து கிடக்கிறது. எங்கள் வீட்டில் காற்று அப்படி அடிக்கும்.

நாங்கள் போகவில்லை. கனிமலர் மட்டும் ஓசூரில் இருந்து நேரே போய்விட்டு வந்தாள். தீபாவளிக்கு வந்தபோது என் மதினி, அண்ணன் சம்சாரம், கொடுத்தனுப்பிய போட்டோக்களை ஒரு பென்டிரைவில் கொண்டுவந்து இந்தப் பெட்டிக்குள் போட்டுக் கொடுத்தாள். நாற்பத்து மூன்று போட்டோ. "அப்பா கண்ணுல படாம பாத்துக்கோம்மா" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டாள். அவளுக்கென்ன, போய்விட்டாள். நான்தானே ராத்திரி பகலாகக் கவலைப்பட வேண்டும்.

நாற்பத்து மூன்றையும் மனப்பாடமாகச் சொல்வேன். ஏழாவதில் அண்ணனுடைய புது வீடு, நீல கேட்டு, வாசலில் வாழைமரம். அந்த வீட்டை நான் நேரில் பார்த்ததே இல்லை. பத்தொன்பதாவதில் ஆரத்தி எடுக்கிறார்கள். அத்தை நான் ஒருத்தி உயிரோடு இருக்கும்போது எதிர்வீட்டு அம்மா கையில் ஆரத்தித் தட்டு. முப்பத்தெட்டாவதில் பெண்ணை அனுப்பிவிட்டு அண்ணன் தோள் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறார். அதைப் பார்த்தால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது.

இதை எங்கே ஒளிப்பது? எங்கள் வீட்டில் நான் எதையும் பூட்டி வைக்க மாட்டேன். பூட்டு போட்டால் திருடனுக்கு வழி காட்டுகிற மாதிரி. என் சங்கிலி உளுந்து டப்பாவில்தான் இருக்கிறது. ஐயோ, உங்களிடம் சொல்லிவிட்டேனே. பரவாயில்லை, டீச்சர்தானே. ஊருக்குத் திரும்பியதும் துவரம்பருப்பு டப்பாவுக்கு மாற்றிவிடுகிறேன்.

கம்ப்யூட்டரைத் திறந்தால் மூலையில் ஒரு கூடை இருக்கும், பார்த்திருப்பீர்கள். குப்பைக் கூடை. வேண்டாததை அதில் போடலாம். போட்டது அங்கேயேதான் கிடக்கும், திரும்ப எடுத்தும் கொள்ளலாம். கனிமலர் என்றைக்கோ சொன்னது. எனக்கு அன்றைக்கு மூளை வேலை செய்தது பாருங்கள். குப்பையை யார் கிளறுவார்கள்? நாற்பத்து மூன்றையும் கொண்டுபோய்க் கூடைக்குள் போட்டேன்.

சிரிக்கிறீர்கள். அப்போது எனக்குப் பெருமையாக இருந்தது. எட்டாவது படித்தவள் கண்டுபிடித்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கூடைக்குள் இருக்கும்போது போட்டோவைப் பார்க்க முடியாது. வெளியே எடுத்தால்தான் தெரியும். அவர் மத்தியானம் கண் அசருகிற நேரமாக ஒன்றை எடுப்பேன், பார்ப்பேன், திரும்பக் கூடைக்குள் போடுவேன். நகையை டப்பாவில் இருந்து எடுத்துக் கண்ணாடி முன்னால் போட்டுப் பார்த்துவிட்டு வைக்கிற மாதிரி. ஆறு மாதம் இப்படி ஓடியது. ஆனால் வயசாகிவிட்டது எனக்கு, மறதி. சில நாள் காலையில் கம்ப்யூட்டரைப் போட்டால் முப்பத்தெட்டாம் போட்டோ வெளியே கிடக்கும். அண்ணன் துண்டோடு நிற்கிற படம். எனக்குப் பகீர் என்றாகும். முந்தின நாள் அதை எடுத்ததாகவே ஞாபகம் இருக்காது. தலையில் அடித்துக்கொண்டு உள்ளே தள்ளுவேன். நல்லவேளை, ஒரு தடவைகூட அவர் கண்ணில் படவில்லை. பட்டிருந்தால் கத்தியிருக்க மாட்டாரா?

இப்போதுதான் விஷயத்துக்கு வருகிறேன். பங்குனி பிறந்ததில் இருந்து பெட்டி இழுக்க ஆரம்பித்தது. பொத்தானை அமுக்கிவிட்டு அரிசி களைந்து உலை வைத்து, குக்கர் மூன்று விசில் அடித்த பிறகு வந்து பார்த்தால்தான் திரை வந்திருக்கும். உள்ளேயிருந்து கிரைண்டர் மாதிரி சத்தம். கனிமலருக்குப் போன் போட்டேன்.

"அம்மா, பின்னாடி ஃபேன்ல தூசி அடைச்சிருக்கும். மேல ஏதாவது மூடி வெச்சிருக்கியா?"

"குரோஷா உறை போட்டிருக்கேன். நானே பின்னினது."

"அதுக்கு மூச்சு முட்டாதாம்மா? எடு முதல்ல. பிளக்கைப் பிடுங்கிட்டு, மூடியைக் கழற்றி, பெயிண்ட் பிரஷ்ஷால மெதுவா தட்டு."

கழற்றினேன். உள்ளே என்ன தெரியுமா? குங்குமம். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, சும்மா இருக்காமல் ஃபேன் ஓட்டை பக்கமும் இரண்டு பொட்டு வைத்துவிடுவேன். அது எல்லாவற்றையும் உள்ளே இழுத்து வைத்திருக்கிறது. வீடியோ காலில் காட்டினேன். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். "உள்ள ஒரு அம்மன் கோயிலே இருக்கும்மா" என்றாள். ஒரு சிட்டிகை விபூதிகூட எடுத்தேன். தட்டித் துடைத்து மூடினேன். சத்தம் நின்றது. ஆனால் வேகம் வரவில்லை.

"சி டிரைவ் நிறைஞ்சிருக்கும்மா. சிவப்புக் கோடு தெரியுதா? இடமே இல்ல. டிஸ்க் கிளீனப்னு ஒண்ணு இருக்கு. அது தேவையில்லாததை எல்லாம் பட்டியல் போட்டுக் காட்டும். ஒவ்வொண்ணுக்கும் முன்னால ஒரு கட்டம் இருக்கும், டிக் போட்டுட்டு ஓகே குடு. டவுன்லோட்ஸ்னு இருந்தா அதுல மட்டும் போடாத. மத்தது எல்லாம் வேண்டாததுதான்."

அவள் மேல் தப்பே இல்லை. கூடையில் என்ன இருக்கிறது என்று அவளுக்கும் நான் சொல்லவில்லை. ரகசியம் என்றால் ரகசியம்.

அவள் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, நான் காலண்டர் தாள் பின்பக்கம் எழுதிக்கொண்டேன். மறுநாள் குளித்து, விளக்கேற்றி, ஆரம்பித்தேன். டி எழுத்தில் ஆரம்பிக்கிறதை மட்டும் விட்டுவிட்டு டிக் போட்டுக்கொண்டே வருகிறேன். நடுவில் ஒன்றுக்குப் பக்கத்தில் குட்டியாகக் கூடைப் படம். நம்ம கூடை! ஒரு நிமிஷம் யோசித்தேன், யோசிக்காமல் இல்லை. சுத்தம் செய்கிறார்கள், கூடையிலும் தூசி இருக்கும்தானே, அதையும் தட்டிவிடட்டும் என்று நினைத்தேன். சரி, நீங்கள் சொல்லுங்கள், அரிசி டிரம்மைத் துடைக்கிறோம் என்றால் அரிசியைத் தெருவில் கொட்டிவிட்டா துடைப்போம்? எடுத்து வைத்து, துடைத்து, திரும்பக் கொட்டி வைக்க மாட்டோமா? கம்ப்யூட்டருக்கு அந்த அறிவு இருக்கும் என்று நம்பினேன். எனக்கு இல்லாத அறிவு அதற்கு இருக்கும் என்று நம்பினேன் பாருங்கள்.

நிச்சயமாகவா என்று அது கேட்கவும் செய்தது. நிச்சயமாக என்றேன்.

பச்சைக் கோடு ஒன்று ஓடியது. முடிந்தது. மூலையில் பார்க்கிறேன், காகிதம் கசங்கி நிறைந்திருந்த கூடை வெறும் கூடையாக நிற்கிறது. திறந்தேன். ஒன்றும் இல்லை. கல்யாண மண்டபத்தை மறுநாள் காலையில் பார்த்த மாதிரி இருந்தது.

நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. அவர் பாதி சவரத்தில் நுரையோடு ஓடி வந்தார்.

"என்ன, என்ன?"

"கை சுட்டுக்கிட்டேன்."

"கம்ப்யூட்டர்லயா?"

அவர் என்னை எழுப்பிவிட்டு உட்கார்ந்தார். நேரே கூடைக்குத்தான் போனார், டீச்சர். திறந்தார். அப்படியே உட்கார்ந்திருந்தார். கன்னத்தில் நுரை காய்ந்துவிட்டது.

"எல்லாமே போச்சா?" என்றார்.

"என்னது போச்சா?"

"ஒண்ணுமில்ல. குப்பை எல்லாம் போச்சான்னு கேட்டேன்."

எவ்வளவு அக்கறை பாருங்கள் சுத்தத்தில். அன்றைக்கு முழுக்க அவர் சீட்டும் ஆடவில்லை, சரியாகச் சாப்பிடவும் இல்லை. எனக்குத்தான் சோறு இறங்காது என்றால் அவருக்கு என்ன வந்தது? வேகமாக ஓடுகிற கம்ப்யூட்டரைப் பார்த்துச் சந்தோஷப்பட வேண்டாமா?

நான் எந்தப் பக்கம் போவேன்? பென்டிரைவை வேறு எதற்கோ அழித்துவிட்டாளாம் கனிமலர். மதினியிடம் இன்னொரு தடவை கேட்கலாம். என்ன சொல்லிக் கேட்பது? 'உங்க மக கல்யாணத்துக்கு நான் வரல, போட்டோவையும் குப்பைக் கூடையில போட்டு வெச்சிருந்தேன், அதுவும் காலியாயிருச்சு, இன்னொரு செட் குடுங்க'ன்னா? அந்த வீட்டு முகம் எனக்கு மிச்சம் இருந்தது அந்த நாற்பத்து மூன்றில்தான். அதையும் என் கையாலேயே டிக் போட்டு அனுப்பிவிட்டேன்.

மறுநாள் காபி குடிக்கும்போது அவரே பேச்செடுத்தார். "அழிஞ்சதை மீட்டுக் குடுக்குற ஆளுக இருக்காங்களாம். அதுவரைக்கும் புதுசா எதையும் அதுக்குள்ள போடக் கூடாதாம், தொடவே கூடாதாம்." பிளக்கையும் பிடுங்கிவிட்டார்.

நான் இழுக்கிறது என்றுதான் சொல்லியிருந்தேன். அழிந்தது என்று வாயே திறக்கவில்லை. அவர் குழாய்ப் பிரிவில் இருந்தவர், எங்கே அடைப்பு, எங்கே ஒழுகல் என்று மூஞ்சியைப் பார்த்தே சொல்லிவிடுவார் போல.

"சரி, ரோட்டு முனைக் கடையில குடுத்துட்டு வாங்க" என்றேன்.

"இங்க வேண்டாம். சங்கரன்கோவிலுக்குக் கொண்டு போ."

"கோவில்பட்டியில இல்லாத கடையா?"

"சொன்னா கேளு. அங்கதான் நல்லாப் பார்ப்பாங்க. கடையில விட்டுட்டு வந்துராத, சரியாகுற வரைக்கும் கூடவே இரு. ரெண்டு நாள் ஆனாலும் ஆகட்டும்."

"ரெண்டு நாள் நான் எங்க தங்குறது?"

அவர் பேப்பரில் இருந்து தலையைத் தூக்கவில்லை. "ஏன், உனக்குத் தெரிஞ்சவங்க யாருமே இல்லையா அந்த ஊர்ல?"

பொறி வைக்கிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. நான் மாட்டுவேனா? "எனக்கு யாரு இருக்கா, ஒருத்தருமில்ல" என்று சட்டென்று சொல்லிவிட்டேன். அவர் பேப்பரை மடித்து வைத்து என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "உன்னை வெச்சுக்கிட்டு..." என்றார்.

"நீங்களும் வாங்களேன்" என்றேன்.

"நான் வந்தா நல்லா இருக்காது. முதல்ல நீ போ."

கம்ப்யூட்டர் கடைக்குப் போவதில் நல்லா இருக்கிறது என்ன, இல்லாதது என்ன? முழங்கால் வலி, அதை ஒத்துக்கொள்ள மாட்டார்.

இன்று காலையில் கிளம்பும்போது என்ன செய்தார் தெரியுமா? ஸ்டூலைப் போட்டு, அந்த முழங்காலோடு ஏறி, பரணில் இருந்து இந்தத் தாம்பாளத்தை எடுத்தார். புளி போட்டுத் தேய்த்த மாதிரி பளபளவென்று இருக்கிறது. எனக்கு உயிரே போய்விட்டது. பித்தளைக்குப் போட்டுவிட்டேன் என்று சொன்ன தாம்பாளம் ஆயிற்றே! அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "அடியில இதை வெச்சுக்கோ, பெட்டி ஆடாது" என்றார். "திரும்ப வரும்போது இதைத் தூக்கிக்கிட்டு வராத."

பெட்டிக்குத்தான் தாம்பாளம் என்றால், திரும்பி வரும்போது பெட்டி ஆடாதா? கேட்கத்தான் நினைத்தேன். கேட்டால் பித்தளைக் கதை வெளியே வந்துவிடுமே என்று வாயை மூடிக்கொண்டேன்.

கடை விலாசம் இதோ, அவர் கையால் எழுதியது. கொஞ்சம் படித்துச் சொல்லுங்கள், நீங்கள் அந்த ஊர்க்காரர். கடைப் பேரைக் காணோம். அவசரத்தில் எழுத மறந்திருப்பார். தெருப் பேரும் 'நீல கேட்டு' என்பதும் மட்டும்தான் இருக்கிறது.

என்ன சொன்னீர்கள்?

அந்தத் தெருவில் கடையே கிடையாதா? நன்றாகத் தெரியுமா? தறி வீடுகள் மட்டும்தானா?

இல்லை, எனக்கு ஒன்றுமில்லை. ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவிடுங்கள். காற்று வரட்டும்.

நீல கேட்டை அவர் எங்கே பார்த்திருப்பார், டீச்சர்? ஏழாவது போட்டோவில்தானே அது இருந்தது.

முப்பத்தெட்டாவதை நான் வெளியே விட்டுவிட்டு எழுந்ததே இல்லை. ஒரு நாளும் இல்லை. அப்போதே எனக்குத் தெரியும், நான் விடவில்லை என்று. இருந்தாலும் என் மறதி என்று என்னையே திட்டிக்கொண்டேன். என்னைத் திட்டிக்கொள்வது எனக்குச் சுலபம், பழகிவிட்டது.

கழுகுமலை வந்துவிட்டதா? பஸ் எவ்வளவு நேரம் நிற்கும்? அந்தப் பழக்காரம்மாவைக் கொஞ்சம் கூப்பிடுங்கள். இரண்டு சீப்பு வாழைப்பழம். தேங்காய் இருக்கிறதா? ஒன்று, குடுமியோடு. வெற்றிலை ஒரு கவுளி. அந்த மல்லிகைப்பூவையும் கொடுங்கள், முழுப்பந்தும்.

இல்லை டீச்சர், வேறு ஒன்றும் நினைக்காதீர்கள். இனி ரோடு மோசம். டிரைவர் பிரேக் போட்டால் பெட்டி நகர்ந்துவிடும். இந்தப் பக்கம் ஒரு சீப்பு, அந்தப் பக்கம் ஒரு சீப்பு, முன்னால் தேங்காயை முட்டுக் கொடுத்து, வெற்றிலையை அடியில் சொருகிப் பூவை மேலே சுற்றிவிட்டால் ஆடாது, அசையாது. எல்லாம் ஒரு பாதுகாப்புக்குத்தான்.